வீதி யாருக்கு உரியது?

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், இலண்டன் மாநகரின் 'கிறிஸ்டல் பலஸ்' திடலிலே பிரிட்ஜெட் டிரிஸ்கொல் என்னும் பெண்மணி, காட்சிக்காக ஓட்டப்பெற்ற மோட்டார் வண்டியொன்றினால் மோதுண்டு உயிர்துறந்தார். பிரித்தானிய நாட்டில் பெற்றோல் மோட்டார் வண்டிக்குப் பலியான முதற் பாதசாரி அவரே. அவர் ஓர் ஏழைத் தொழிலாளியின் மனைவி. மரண விசாரணை மன்றம் அம்மரணத்தை 'விபத்து' என்று கூறி முடித்தது. வண்டியை ஓட்டியவர்மீது வழக்கெதுவும் தொடரப்படவில்லை.

124 ஆண்டுகள் கழிந்தன. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அதே இலண்டனின் தென்பகுதியில் மற்றொரு மரண விசாரணை முடிவுற்றது. எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமா நோயால் இறந்திருந்தாள். அவளுடைய வீடு ஓயாது வாகனம் ஓடும் பெருவீதியொன்றின் அருகே இருந்தது. அவள் சுவாசித்த காற்றின் மாசு அவளது இறப்புக்கு ஒரு காரணம் என்று அவ்விசாரணை தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் காற்று மாசு ஒருவருடைய மரணத்துக்குக் காரணமாகப் பதிவு செய்யப்பெற்றது அதுவே முதன்முறை. அத்தீர்ப்பைப் பெறுவதற்காக அச்சிறுமியின் தாய் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

முதலாவது மரணத்தில் வண்டி உடலை மோதிற்று. இரண்டாவதில் வண்டிகளின் புகை நுரையீரலை அரித்தது. இரண்டிலும் இறந்தவர் வண்டியோட்டியவரல்லர். வண்டியிற் செல்பவன் பயனைப் பெறுகின்றான். அதன் விலையை வேறொருவன் செலுத்துகின்றான். மோட்டார் யுகத்தின் வரலாற்றைப் பயில்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

கொழும்புக்கு வடக்கே ஏறக்குறைய நூறு கிலோமீற்றருக்கு அப்பால், ஒருபுறம் களப்பும் மறுபுறம் தென்னந்தோட்டமுமாகக் கிடக்கும் முந்தல் போன்ற ஊரிலிருந்துகொண்டு நகரத்து மோட்டார் வண்டியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. கொழும்பு-புத்தளம் பெருவீதி எம்மூரை ஊடறுத்துச் செல்கின்றது என்பது அதற்கு ஒரு விடை. நகரத்து மோட்டார் வண்டியின் விலை நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பது அதனினும் முக்கியமான விடை. அதனைக் காண்பதற்கு நாம் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

இக்கரையோரத்தின் பழைய பெருவழி நீர்வழியேயாகும். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் புத்தளக் களப்பையும் முந்தற் களப்பையும் சிலாபத்தையும் நீர்கொழும்பையும் இணைத்தது. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலே ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹமில்ற்றன் கால்வாயை வெட்டினர். புத்தளத்து உப்பும் தேங்காயும் கருவாடும் பாதைப்படகுகளில் ஏறி மெல்ல மெல்லக் கொழும்பை அடைந்தன. அடுத்து இருப்புப்பாதை வந்தது. அது 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் எட்டி, 1926இல் முந்தலைக் கடந்து புத்தளத்தை அடைந்தது. நீர்வழியும் இருப்புப்பாதையும் பொதுவழிகள். அவற்றிற் பயணஞ் செய்தோர் ஒருவரோடொருவர் சேர்ந்தே பயணஞ் செய்தனர். முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் ரயிலிலும் இருந்தது. ஆயினும் முதலாம் வகுப்பார் மூன்றாம் வகுப்பாரை மோதிவிட்டுச் செல்லும் வசதி அதில் இருக்கவில்லை.

கொழும்பு நகரிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. பூஸ்ரெட் சகோதரர் என்னும் ஆங்கிலக் கம்பனியே அவற்றை நடத்தியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரைக்கும், மருதானை வழியாகப் பொரளை வரைக்கும் தண்டவாளங்கள் போடப்பட்டன. துறைமுகத் தொழிலாளியும் அச்சுக்கூடத் தொழிலாளியும் கச்சேரி எழுதுவினைஞனும் அதிற் பயணஞ் செய்தனர். செல்வர்க்கு றிக்ஷா இருந்தது. மனிதனை மனிதன் இழுத்த அந்த வண்டிகளின் இழுகட்டைகளைப் பிடித்தோடியவர்களுட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிலே மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்துரைமாரும் கம்பனி முதலாளிமாரும் அதனை வாங்கினர். 1904ஆம் ஆண்டிலேயே மோட்டார் உடைமையாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இரண்டாண்டுகள் கழித்து, 1906இல், கொழும்பின் மாட்டுவண்டிக்காரர் நகரசபை விதியொன்றை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்து நகரத்து வாணிபத்தையே ஸ்தம்பிக்கச் செய்தனர். வீதியின்மேல் உரிமை யாருக்கு என்ற வினா இந்நாட்டில் எழுந்து நூறாண்டுக்கு மேலாகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. 1929இல் ட்ராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தபோது மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே பெருங்கலகம் மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தொழிலாளருக்கும் நகர மக்களுக்கும் ட்ராம் எத்துணை நெருக்கமான பொருளாயிருந்தது என்பதை அந்நாட்கள் காட்டின.

இதே காலப்பகுதியில் அமெரிக்க நாட்டிலே நிகழ்ந்ததும் நம் சிந்தனைக்குரியது. அந்நாட்டு நகரங்களின் வீதிகள் அதுவரையில் நடப்போருக்கும் விளையாடும் சிறுவருக்கும் கூவி விற்போருக்கும் உரியனவாயிருந்தன. மோட்டார் வண்டி புகுந்ததும் ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டனர். அவருட் சிறுவரே மிகப் பலர். 1923இல் சின்சினாற்றி நகரின் குடிமக்கள் 42,000 பேர், எந்த வண்டியும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட இயலாதவாறு அதன் பொறியிலேயே கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்படல் வேண்டும் என்று கோரிக் கையொப்பமிட்டனர். மோட்டார் வணிகர் அஞ்சினர். பெரும் பிரசாரஞ் செய்து அக்கோரிக்கையைத் தோற்கடித்தனர். அதன்பின் புதியதொரு நீதி வகுக்கப்பட்டது. வீதியைக் கடக்கும் மனிதனே ஒழுங்கறியாத பட்டிக்காட்டான் என்று ஏளனஞ் செய்யப்பட்டான். அவனைத் தண்டிக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மோதியவனிடமிருந்த குற்றம் மோதுண்டவனிடம் மாற்றப்பட்டது. இன்று நம் பிள்ளைகளுக்கு நாம் வகுப்பறையிற் கற்பிக்கும் வீதியொழுங்குப் பாடத்தின் பின்னணியில் இந்த வரலாறும் உண்டு. "வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார்" என்று ஏழு வயதுக் குழந்தைக்கு நாம் கற்பிக்கின்றோம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டி வைத்திருப்பவனுக்குச் சமுதாயம் என்ன கற்பித்தது என்பதையும் ஆசிரியர் கேட்டல் வேண்டும்.

இனி உடல்நலத்தின் பக்கம் வருவோம். மோட்டார்ப் பொறியின் 'தட்டலை' நிறுத்துவதற்காக, ஈயத்தைச் சேர்த்த சேர்வையொன்றைப் பெற்றோலிற் கலக்கலாம் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனியின் ஆய்வாளரான தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஈயம் நஞ்சு என்பதை உலகம் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தது. ஆகவே விற்பனைப் பெயரில் 'ஈயம்' என்ற சொல்லே வாராதவாறு 'எத்தில்' என்று பெயர் சூட்டினர். 1924இல் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பு ஆலையில் அச்சேர்வையைச் செய்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். 1925இல் அரசு கூட்டிய மாநாட்டில் அலிஸ் ஹமில்ற்றன் என்னும் மருத்துவப் பெருமாட்டி இதனை வன்மையாக எதிர்த்தார். அவர் குரல் எடுபடவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலக நகரங்களின் தெருக்களிலெல்லாம் ஈயம் புகையாய்ப் பரந்தது.

1979இல் ஹேபர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பொஸ்ரன் நகரை அடுத்த பாடசாலைகளின் சிறுவர் இழந்த பாற்பற்களைச் சேகரித்து, அவற்றில் அடங்கிய ஈயத்தை அவர்கள் அளந்தனர். அதே சிறுவரைப் பற்றி அவர்தம் ஆசிரியரிடம் கருத்துக் கேட்டனர். எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு ஈயம் என்பதை ஆசிரியர் அறியார். ஈயம் மிகுந்த பிள்ளைகளே கவனம் சிதறுவோராகவும் சொன்னதைப் பின்பற்ற மாட்டாதோராகவும் ஆசிரியர்களாற் குறிக்கப்பட்டிருந்தனர். நுண்ணறிவுச் சோதனையிலும் அவர்களே பின்தங்கியிருந்தனர். இதனைப் படிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு கணம் தம் வகுப்பை நினைத்துப் பாராதிருத்தல் இயலாது. 'மந்தம்', 'குறும்பு', 'பரம்பரைக் குணம்' என்று நாம் எளிதிற் சூட்டிய பெயர்களுட் சில, உண்மையில் புகைக்குழாயொன்றின் கைவரிசையாக இருந்திருக்கலாம் அன்றோ?

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டிலேதான் முற்றாக நிறுத்தப்பட்டது. இந்தியா அதற்கு ஈராண்டு முன்னர் நிறுத்தியது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. கண்டுபிடித்ததற்கும் கைவிட்டதற்கும் இடையே சரியாக ஒரு நூற்றாண்டு! அந்நூற்றாண்டில் எத்தனை குழந்தைகளின் அறிவு மழுங்கிற்று என்பதற்குக் கணக்கெழுதி வைத்தவர் யார்?

ஈயம் ஒழிந்ததால் தீமை ஒழிந்துவிடவில்லை. டீசற் புகை புற்றுநோயை விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. புகையிலுள்ள நுண்துகள்கள் மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று, இரத்தத்திற் கலந்து, இருதயத்தையும் மூளையையும் தாக்குகின்றன. வெளிக்காற்றின் மாசினால் 2019இல் உலகெங்கும் 42 இலட்சம் மக்கள் உரிய காலத்துக்கு முன்னரே இறந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. தொழிற்சாலை, அடுப்பு, அனல் நிலையம் யாவும் இதிற் பங்குடையன; ஆயினும் நகரங்களிலே வாகனப் புகையின் பங்கு பெரிது. பேட்டை நடைபாதையிற் கடை விரித்திருப்பவனும், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரனும், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் மாணவியும் அப்புகையை நாள்தோறும் குடிக்கின்றனர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ந்த காற்றில் அமர்ந்திருப்பவரோ அப்புகையை ஆக்குபவர்.

அங்ஙனம் அமர்ந்திருப்பவரும் தப்பினாரல்லர். 1953இல் ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவர் இலண்டன் இரட்டைத்தட்டு பஸ்களின் ஊழியரை ஆராய்ந்தார். நாள் முழுதும் இருந்தபடியே ஓட்டும் சாரதிகளுக்கு, மேலுங்கீழும் படியேறியிறங்கும் கண்டக்டர்களைவிட இருதய நோய் அதிகம் என்று அவர் கண்டார். உடலுழைப்புக்கும் இருதய நலத்துக்கும் உள்ள தொடர்பை அறிவியல் முறையில் நிறுவிய தொடக்க ஆய்வு அது. இலண்டனில் ஓடித் தேய்ந்த அத்தகைய இரட்டைத்தட்டு பஸ்கள் பின்னர் நம் தீவிலும் பல்லாண்டு ஓடின. இன்று அந்தக் கண்டக்டரின் படிகள் நம் வாழ்விலிருந்து மறைந்துவிட்டன. வாசலிற் புறப்பட்டு வாசலில் இறங்கும் வாழ்க்கை நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் வளர்க்கின்றது.

உடலைப் போலவே உள்ளமும் பாதிக்கப்படுகின்றது. நடந்து செல்லும்போது அயலவரைக் கண்டு நலம் விசாரிக்கும் அதே மனிதர், வண்டியுள் ஏறியதும் முன்னே நிற்பவரையெல்லாம் இடையூறாகக் காண்கின்றார். ஒலிப்பானை அழுத்துகின்றார், மஞ்சட் கோட்டிற் கால் வைத்த முதியவரைக் கடிந்துகொள்கின்றார். அவர் இயல்பிற் கொடியவரல்லர். பொதுவிடத்தில் தனியறையொன்றை உருட்டிச் செல்லும் வாய்ப்பு மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துவிடுகின்றது. வாகனம் தேவையின் எல்லையைத் தாண்டி மதிப்பின் அடையாளமாகிவிட்டது. சீதனப் பேச்சிலே அதற்கோர் இடமுண்டு. பாராளுமன்ற உறுப்பினருக்கும் உயரதிகாரிகளுக்கும் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் இந்நாட்டிற் பல பத்தாண்டுகளாக நிலவிற்று. பொதுப்பணத்தின் இழப்பிலே தனிவண்டி வாங்கிய தலைவர்கள் பொதுமக்களின் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாததில் வியப்பில்லை.

பொதுப் போக்குவரத்தின் கதையைக் காண்க. ட்ராம் வண்டிகள் கம்பனியிடமிருந்து மாநகரசபையின் கைக்கு வந்தன, 1960இல் நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 1953இல் வந்த மின்சார 'ட்ரொலி' பஸ்கள் 1964இல் மறைந்தன. புகை கக்காத இருவகை வாகனங்களையும் பன்னிரண்டு ஆண்டுக்குள் நாம் இழந்தோம். மறுபுறத்தில், 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதன் குறைகள் பல. ஆனால் வருவாய் குறைந்த கிராமத்துக்கும், இரவின் கடைசிப் பயணிக்கும் பஸ் ஓடவேண்டும் என்ற கொள்கை அதனோடு பிறந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அன்றாட வசூலே ஊழியரின் கூலியை நிர்ணயித்தது. ஒரு பயணிக்காக இரு பஸ்கள் ஒன்றையொன்று முந்தியோடும் காட்சியை எம் புத்தளம் வீதியிற் காணாதார் யார்? அச்சாரதியை வைவது எளிது. அவனை ஓடவைக்கும் முறையை மாற்றுவது அரிது. 2020இல் கொழும்பு-மாலபே இலகு ரயில் திட்டமும் கைவிடப்பட்டது.

பஸ்ஸில் நம்பிக்கை இழந்தவன் கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்குகின்றான். நாட்டிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் மொத்தத் தொகை 80 இலட்சத்தைக் கடந்துவிட்டது. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டின் வீதிகளில் மாள்கின்றனர். மாள்வோரிற் பெரும்பாலோர் நடப்போரும் இருசக்கர, முச்சக்கர வண்டிகளிற் செல்வோருமே. உலக முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 12 இலட்சம் பேர். ஒரு போரில் இத்தனை பேர் மாண்டால் சமாதான மாநாடு கூடும்; வீதியில் மாண்டால் செய்தித்தாளின் மூலையில் நான்கு வரி வரும்.

இப்பொழுது முந்தலுக்கு மீள்வோம். மின்சார மோட்டார் வண்டியே இதற்கெல்லாம் மருந்து என்று இன்று பலர் கூறுகின்றனர். 2020இல் தடைசெய்யப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் அவ்வண்டிகள் கொழும்பிற் பெருகி வருகின்றன. அவை தெருவிற் புகை கக்குவதில்லை, அது நன்மையே. ஆனால் அவற்றை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? நாட்டின் மிகப்பெரும் அனல்மின் நிலையம் எமது புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் நிற்கின்றது. 2011இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பகுதிகளும் முடிந்து 900 மெகாவாற் ஆற்றல் கொண்டதாயிற்று. அது நிலக்கரியை எரிக்கின்றது. பெருங்காற்று வீசும் காலத்தில் நிலக்கரித் தூளும் சாம்பலும் தம் தோட்டங்களிலும் கிணறுகளிலும் வீடுகளிலும் படிவதாக அவ்வூர் மக்கள் பன்முறை முறையிட்டுள்ளனர். கொழும்பின் புகைக்குழாய் நீண்டு நுரைச்சோலையில் வந்து முடிகின்றது என்று கூறின் மிகையாகாது. நகரத்து மேம்பாலங்களுக்குச் சீமெந்து தந்த சுண்ணக்கல் எமது அறுவைக்காட்டில் வெட்டப்பட்டது. 2017இல் மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின், நகரத்தின் குப்பைக்கும் அறுவைக்காடே இடமாகக் காட்டப்பட்டது. மக்கள் வீதியிலிறங்கி எதிர்த்தனர். நகரம் தன் வசதியின் கழிவையெல்லாம் யாருடைய வாசலிற் கொட்டுகின்றது என்பதற்கு இம்மாவட்டத்தின் வரலாறே சான்று.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சமும் இதையே இன்னொரு வகையில் உணர்த்திற்று. பெற்றோல் வரிசைகளில் நாட்கணக்கில் நின்று சிலர் உயிரையே விட்டனர். நகரத்தார் சைக்கிளைத் தேடினர். கொழும்பு வீதிகள் சில வாரங்கள் அமைதி கண்டன. ஆனால் அதே பஞ்சத்தில் சிறுவள்ளக்காரரின் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெயும் இல்லாது போயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. வள்ளங்கள் கரையிற் கிடந்தன. வரிசையில் நின்ற கார்க்காரருக்கு அப்பஞ்சம் இடைஞ்சல்; கரையில் நின்ற மீனவருக்கோ அது பட்டினி. எண்ணெய் அரிதாகும்போது அது முதலில் யாருக்கு என்ற வினாவை எந்த அரசும் நேர்மையாக எழுப்பவில்லை.

மோட்டார்ப் பொறி மனித மூளையின் அரிய ஆக்கம். நள்ளிரவிற் பிரசவ வேதனைப்படும் பெண்ணைச் சிலாபம் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. உடப்புக் கரைவலையில் அகப்பட்ட மீனைப் பழுதுபடாமற் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. இயந்திரத்தை வெறுத்துப் பழைய பாதைப்படகுக்குத் திரும்புமாறு எவரும் கோரவில்லை. கோருவது இதுதான்: வீதி பொதுச்சொத்து. ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்கு அதில் முதலுரிமை வேண்டும். புத்தளத்து ஒற்றை இருப்புப்பாதையிற் பயன்தரும் நேரங்களில் பயன்தரும் வேகத்தில் ரயில்கள் ஓடவேண்டும். பாடசாலை வாசலில் வண்டிதான் பிள்ளைக்காக நிற்க வேண்டும்.

இது நடவாத கனவன்று. ஒல்லாந்த தேசத்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட சிறுவர் வீதிகளில் மாண்டனர். பெற்றோர் கொதித்தெழுந்தனர். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்பதே அவர்கள் இயக்கத்துக்குச் சூட்டிய பெயர். 'விபத்து' என்ற சொல்லை அவர்கள் ஏற்க மறுத்தனர். கொலை என்றே கூறினர். வீதிகளில் அமர்ந்து மறித்தனர். அரசு இறங்கி வந்தது. நகரங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் அச்சமின்றிச் சைக்கிளிற் பள்ளி செல்கின்றனர். நம் கரையோரத்துக்குக் கால்வாய் தந்த அதே நாடுதான் அது.

1896இல் ஒரு பெண்ணின் சாவை 'விபத்து' என்று எழுதிய பேனாவே இன்றும் நம் நாட்டிலே எழுதிக்கொண்டிருக்கின்றது. அப்பேனாவைப் பறிப்பது எளிதன்று. ஆயினும் அச்சொல்லை மறுப்பதிலிருந்து தொடங்கலாம். அதனை வகுப்பறையிலே தொடங்க வல்லவர் ஆசிரியர். தெருவிலே தொடர வல்லவர் மாணவர்.